முள்ளம்பன்றி நடத்திய போர்வைக் கண்காட்சி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையில் பாதியை எடுத்துவிடுகிறேன்! சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்!

அத்திக்காட்டுக் குளக்கரையில் வருஷாவருஷம் ஒட்டுப்போர்வைக் கண்காட்சி நடக்கும். குரங்குகள் ஊருக்குள் போய், கொடியில் காயும் வேட்டி, சேலை, பாவாடையெல்லாம் கேட்காமல் வாங்கி வரும். மற்ற விலங்குகள் அவற்றைத் துண்டு போட்டு, ஒட்டுச் சேர்த்து, குளிருக்குப் போர்வை தைக்கும். கரடியக்காவின் போர்வையை விரித்தால் குளமே மூடிவிடும். இருட்டிவிட்டதென்று தவளைகள் கச்சேரியைத் தொடங்கிவிடும்!

அந்த வருஷம் கண்காட்சியை நடத்தும் பொறுப்பைச் செவந்தி என்ற முள்ளம்பன்றி கேட்டு வாங்கினாள்.

"முள்ளுக்கும் துணிக்கும் என்னம்மா உறவு?" என்று இளித்தான் நரியண்ணன்.

"நான் எதையும் தொடமாட்டேன் அண்ணே! இடம் பிரிப்பேன், காவல் இருப்பேன். தொங்கவிடுவதைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளும்."

"ஒரு நூல் பிரிந்தாலும்?"

"அப்புறம் எந்த விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடவே வேண்டாம்!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். விருந்தில்கூட அவள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். இதையாவது ஒழுங்காக நடத்திக் காட்டினால் தன்னையும் நாலு பேரில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு ஆசை.

கண்காட்சி நாளும் வந்தது. கொடி நிறையப் போர்வைகள் தொங்கின. எல்லோரும் குளித்துச் சிங்காரித்துவர ஓடினார்கள். செவந்தி மட்டும் காவல் நின்றாள்.

பொத்தென்று ஓர் அத்திப்பழம் அவள் மூக்கில் விழுந்தது! திடுக்கிட்டாள். முள்ளெல்லாம் சிலிர்த்தது. சர்ரக்!

கரடியக்காவின் போர்வை நட்டநடுவே கிழிந்தது. ஓட்டை வழியே அக்கரை தெரிந்தது!

"ஐயோ, தொலைந்தேன்!"

ஓட்டையை மறைக்க முயலின் போர்வையை இழுத்து முன்னால் விட்டாள். இழுத்ததில் அதுவும் சர்ரக்! அதை மறைக்க மானின் போர்வை. சர்ரக்! அதை மறைக்க அணிலின் போர்வை. அது இருந்ததே உள்ளங்கை அகலம்; இப்போது அதுவும் இல்லை! மறைக்க மறைக்கக் கிழிந்து, கடைசியில் கொடியில் தொங்கியது போர்வையா, மீன்வலையா என்றே தெரியவில்லை.

"யாரது என் குளத்துக்கு வலை போடுவது?" என்று மீன்கொத்தி சண்டைக்கே வந்துவிட்டது!

தூரத்தில் பேச்சுக்குரல் கேட்டது. காற்றின்மேல் பழி போடலாமா? இலைகூட அசையவில்லை. வளைக்குள் ஓடிவிடலாமா? கால் ஓடப் பார்த்தது, மனசு விடவில்லை. கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாவற்றையும் நான்தான் கிழித்தேன்! முதலில் ஒன்றுதான் கிழிந்தது. அதை மறைக்கப் போய் எல்லாம் போச்சு! சொன்ன சொல் சொன்னதுதான். நான் போகிறேன்."

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" நரியண்ணன் துள்ளினான்.

கரடியக்கா தன் போர்வை ஓட்டைக்குள் தலையை விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அடியே! இந்த மஞ்சள் துண்டு எனக்கு ரொம்ப நாளாகவே பிடிக்கவில்லை. கிழிக்கத்தான் மனசு வரவில்லை. நீ முடித்துவிட்டாய்!"

"கிழிசலைச் சேர்த்துத் தைத்ததுதானே அக்கா? இன்னொரு தரம் தைத்தால் போச்சு!" என்றது முயல். "ஆனால் இத்தனையையும் இப்போதே தைக்க ஊசிக்கு எங்கே போவது?"

செவந்தி நடுங்கிய நடுக்கத்தில் அவள் காலடியில் முள் உதிர்ந்து கிடந்தது. கரடியக்கா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல ஊசியை முதுகிலேயே வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தாயே, இது நியாயமாடி?"

மரங்கொத்தி ஊசிக்கெல்லாம் காது குத்திக் கொடுத்தது. அந்த வருஷக் கண்காட்சியே தையல்தான்! செவந்தியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் தைத்தார்கள். அவசரத்தில் நரியண்ணன் வாலையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அது தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்பதை மட்டும் கேட்காதீர்கள்!

"கொஞ்சம் நகரடி, குத்துகிறது!" என்றது முயல். செவந்தி சட்டென எழப் போனாள். "நகரத்தான் சொன்னேன். எழுந்து போகச் சொல்லவில்லை. உட்காரு!"

காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள் செவந்தி.

செய்த தவறை மறைக்கப் போனால் அது மேலும் மேலும் கிழியும். வாய்விட்டு ஒப்புக்கொண்டால் சேர்ந்து தைக்க நாலு பேர் வருவார்கள்.

இதை யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்! வால் சமாசாரத்தை வெளியே சொன்னவனை நரியண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.