மதகைத் திறக்க…

"டீச்சர், என் சர்வருக்குக் காது கேக்கல!"

வாசலில் நின்றே கத்தினார் வேதாசலம். ஐம்பதை நெருங்கும் பம்ப்செட் மெக்கானிக். இப்போதுதான் புரோகிராம் எழுதக் கற்கிறார். தங்கமான மனுஷன், கொஞ்சம் அவசரக்காரர், அதுதான் குறை. கற்றுக்கொடுக்கும் நூருன்னிசாவுக்கு அவர் மகள் வயது. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

"என்னாச்சுண்ணே?"

"வேண்டாம்னு சொன்னா, மதகைத் திறந்து வச்சிருக்கு."

ஏரி மதகில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதுதான் சர்வர், யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கிடக்கும். விவசாயிகள் சங்க ஆபீஸில் இன்னொன்று. அது கிளையன்ட், கூப்பிட்டுச் சேதி சொல்லும். இரண்டுக்கும் நடுவே சாக்கெட் என்ற கம்ப்யூட்டர் வாசல் வழியாக ஓர் இணைப்பு. எல்லாம் வேதாசலம் எழுதியதுதான்.

நேற்று மழை. "மதகைத் திறக்க வேண்டாம்" என்று ஆபீஸிலிருந்து அனுப்பினார்கள். மதகு திறந்துகொண்டது. மதகை ஒட்டிய வயலில் அஞ்சலை என்ற பெண் நட்ட நாற்றெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது.

"என்னை ஒரு வார்த்தை திட்டல டீச்சர். வரப்புல உக்காந்து அழுதுது. எனக்குச் சோறு இறங்கல. மிச்சம் இருக்கிற நாத்து ஒரு நடவுக்குத்தான் காணும். அதுவும் போச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு இந்தப் போகமே இல்ல."

"வீட்ல சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பேனா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். சொன்ன பேச்சைத் தட்டவே இல்ல!"

நூருன்னிசா புரோகிராமைப் படித்தாள். எழுந்து உள்ளே போனாள். டீயோடு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இந்த டீயைக் குடிக்க…"

வேதாசலம் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"…வேண்டாம். உப்புப் போட்டிருக்கேன்."

"அடச்சே!" வாயைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே கோபம். "என்ன டீச்சர் விளையாட்டு இது? குடிக்கன்னு சொல்லி நிறுத்தினா? பேசி முடிச்சிட்டீங்களா, பாக்கி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில் நேற்று சர்வருக்கு வந்த சேதி. லைன் மோசம், இரண்டு துண்டாக வந்திருந்தது.

'மதகைத் திறக்க'

'வேண்டாம்'

வேதாசலம் இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"அய்யோ பாவம் டீச்சர்."

"யாரு?"

"என் சர்வர்."

அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினார். கிளையன்ட் எந்தச் சேதி அனுப்பினாலும் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. புள்ளி வரும்வரை சர்வர் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், எதையும் செய்யாது. சேதியை வேண்டுமென்றே துண்டுதுண்டாக அனுப்பிப் பார்த்தார். புள்ளி வரும்வரை சர்வர் அசையவில்லை.

உடனே அஞ்சலைக்குப் போன் போட்டு, இனி மதகு அவசரப்படாது, மிச்ச நாற்றை நடலாம் என்றார்.

"அண்ணே," என்றாள் அவள். "நாத்தை நட…"

குரல் அறுந்தது. வேதாசலம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார்.

நூருன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"…பயமா இருக்குண்ணே."

"தெரியும்மா," என்றார் அவர். "நானும் வந்து உன்கூட நிக்கிறேன்."