ஆகஸ்ட் மாதத்துச் சுவரொட்டி

“என் நாவலை முப்பதாம் பக்கத்தைத் தாண்டி ஒருவரும் படிப்பதில்லை, மதாம்,” என்றார் அன்செல்ம்.

“முப்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார் சோலாஞ்.

“மழை. நான்கு பக்கத்துக்கு மழை பெய்கிறது.”

“யார் நனைகிறார்கள்?”

அன்செல்ம் யோசித்துப் பார்த்தார். அந்த நான்கு பக்கங்களிலும் யாரும் நனையவில்லை.

அன்செல்முக்கு அறுபத்தொரு வயது. லியோன் நகரத்துப் பள்ளிகளில் காலமெல்லாம் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். குரு என்று அவர் தேடி வந்த சோலாஞ் அவரைவிடப் பல வயது இளையவர். பாரிஸில் ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் தட்டச்சு செய்ய வந்து, அதற்கே தலைவியானவர்.

சோலாஞ் எழுதிய காப்பித்தூள் விளம்பரத்தைச் சிறுமிகள் கயிறு தாண்டும்போது பாடினார்கள். விடிவதற்கு முன் எழுந்து நாவல் எழுதுவார். விடிந்ததும் அலுவலகம் வந்து சோப்பு விற்பார். ‘சோப்புக்காரி கதை எழுதுகிறாளாம்’ என்று சிரித்த விமர்சகர்கள், எட்டாவது நாவல் வந்தபோது சிரிப்பதை விட்டிருந்தார்கள்.

அந்த நாவலில் ஒரு விதவை உருளைக்கிழங்கு தோலுரிக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் படித்த அன்று அன்செல்ம் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் சமையலறையில் போய் நின்றார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அதனால்தான் ரயில் ஏறினார்.

“எனக்குச் சொல்லித் தாருங்கள்,” என்றார்.

“நாளைக் காலை அலுவலகத்துக்கு வாருங்கள்.”

“நான் நாவல் எழுதக் கற்க வந்தவன்.”

“சீக்கிரம் வாருங்கள்,” என்றார் சோலாஞ்.

வசந்தகாலம் முழுவதும் அன்செல்ம் கடுகு விழுதுக்கு வாசகம் எழுதினார். பிறகு ஷூ பாலிஷுக்கு எழுதினார். எழுதிய தாளைச் சோலாஞ் வாங்கிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார்.

ஒருநாள் அன்செல்முக்குப் பொறுக்கவில்லை.

“விடியற்காலையில் உண்மை எழுதுகிறீர்கள். பகலெல்லாம் பொய் எழுதுகிறீர்கள். ஒரே கையால் எப்படி முடிகிறது?”

சோலாஞ் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டினார். திருப்பிப் புறங்கையைக் காட்டினார். பிறகு அதே கையால் ஷூ பாலிஷ் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

ஜூலை முடியும் தறுவாயில் ரூவான் நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் தெஸ்ஸியே. ரொட்டிக் கடை வைத்திருப்பவர். தோள்கள் அகன்ற மனிதர். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“என் பையன் ரெமி வீட்டை விட்டுப் போயிட்டாம்மா. குளிர்காலத்துல போனவன். வயசு வந்த பிள்ளை, தானாப் போனான், நாங்க தேட முடியாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. பாரிஸ்ல இருக்கான்னு கேள்வி. எந்தச் சுவரைப் பார்த்தாலும் உங்க விளம்பரம்தான் இருக்கு. இந்த ஊரே அவனைத் தேடுற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க.”

சோலாஞ் அன்செல்மைப் பார்த்தார். “எழுதுங்கள்.”

அன்செல்ம் பக்கத்து அறைக்குப் போனார். அன்றுதான் முதல்முறையாக அவருக்கு அந்த அலுவலகம் பிடித்தது. அணைந்துபோன அடுப்பு, மேஜையில் ஆளில்லாத தட்டு, கதவோரம் காத்திருக்கும் தகப்பன் எல்லாவற்றையும் எழுதினார். எழுதியதைக் கொண்டுவந்து வாசித்தார். வாசலில் நின்று கேட்ட தட்டச்சுப் பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

தெஸ்ஸியே மட்டும் அழவில்லை. “ரொம்ப நல்லா இருக்குங்க,” என்று மரியாதையாகச் சொன்னார்.

சோலாஞ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“கடைசியாக அவனிடம் என்ன சொன்னீர்கள்?”

“அது ஒண்ணுமில்லம்மா. ஒரு அடுப்பு ரொட்டியைக் கருக விட்டுட்டான். திட்டினேன்.”

“என்ன சொன்னீர்கள்?”

“எல்லா அப்பனும் திட்டுறதுதான்.”

சோலாஞ் மறுபடி கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். தெருவில் டிராம் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

தெஸ்ஸியே தரையைப் பார்த்துப் பேசினார்.

“எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். லூக். ஆத்துல முழுகிப் போயிட்டான். ரொட்டி கருகின அன்னைக்குக் கடை நிறைய ஆளுங்க. அத்தனை பேர் முன்னாடி ரெமியைப் பார்த்துச் சொன்னேன். ‘அவன் போனதுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்’னு.”

அன்செல்ம் தன் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“அது உண்மையா?” என்று கேட்டார் சோலாஞ்.

தெஸ்ஸியே எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“என்ன பேச்சும்மா பேசுறீங்க? உண்மையா அது? என் பிள்ளைம்மா அவன்! அது உண்மை இல்லை!”

சோலாஞ் ஒரு வெள்ளைத் தாளையும் தடித்த பேனா ஒன்றையும் அவர் முன்னால் நகர்த்தினார்.

“எழுதுங்கள்.”

தெஸ்ஸியே நின்றபடியே எழுதினார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன.

*அன்றைக்கு நான் சொன்னது உன்மை இல்லை. அப்பா.*

ஒரு சொல்லில் பிழை இருந்தது. அன்செல்மின் விரல்கள் தாமாகவே சிவப்புப் பென்சிலைத் தேடின. சோலாஞ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பையனின் பெயராவது போடலாமே,” என்றார் அன்செல்ம். “இல்லாவிட்டால் அவனுக்கென்று எப்படித் தெரியும்?”

“சொன்னவர் எழுதியிருக்கிறார். கேட்டவனுக்குத் தெரியும்,” என்றார் சோலாஞ்.

ஆகஸ்ட் பிறந்தது. பாரிஸே வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் மாதம் அது. அந்த மாதம் விளம்பரம் வைக்க எந்த வியாபாரியும் வருவதில்லை. ரயில் நிலையங்களில் நிறுவனத்தின் பலகைகள் சும்மா கிடக்கும். சோலாஞ் அந்தத் தாளை அப்படியே பெரிதாக்கி அச்சடித்து, எல்லாப் பலகைகளிலும் ஒட்டச் சொன்னார்.

“ஆகஸ்டில் யார் பார்ப்பார்கள், மதாம்?”

“போக இடமில்லாதவர்கள்.”

பலகைகளின் அடியில் நிறுவனத்தின் எண் இருந்ததால் மறுநாளே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. அன்செல்ம் எடுத்தார்.

ஒரு பெண் பேசினாள். குரலுக்கு ஐம்பது வயதிருக்கும். “சுவரில் எழுதியிருக்கிறதே, அதை எழுதியவர் யார் என்று சொல்ல முடியுமா?”

“நீங்கள் அவருக்கு உறவா?”

“இல்லை. என் அப்பா இறந்து பல வருடமாகிறது. அவராக இருக்க முடியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.”

அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அப்படி நிறையப் பேர் கேட்டார்கள். ஒரு வயதான ஆண் குரல் ஒன்றுமே கேட்கவில்லை. “பார்த்தேன் என்று சொல்லிவிடுங்கள்,” என்றது, அவ்வளவுதான்.

ரெமியிடமிருந்து அழைப்பு வரவேயில்லை.

மாதக் கடைசியில் தெஸ்ஸியே வந்தார். இந்த முறை நாற்காலி நிறைய உட்கார்ந்தார். மடியில் துணி சுற்றிய ரொட்டி இருந்தது.

“வந்துட்டான்மா! காலையில கடையைத் திறக்கப் போறேன், படியில உட்கார்ந்திருக்கான். காய்கறிச் சந்தையில மூட்டை தூக்கிட்டு இருந்தானாம். சேன் லசார் ஸ்டேஷன்ல தண்ணி குடிக்கப் போனவன் என் கையெழுத்தைப் பார்த்திருக்கான். அப்படியே கிளம்பி வந்துட்டான்.”

“என்ன சொன்னான்?” என்றார் அன்செல்ம்.

“‘அடுப்பு மூட்டியாச்சா?’ன்னு கேட்டான்.”

“நீங்கள்?”

“இல்லப்பா, நீ மூட்டுன்னேன்.”

தெஸ்ஸியே மடியிலிருந்ததை எடுத்து மேஜையில் வைத்தார். துணிக்குள் ரொட்டியின் சூடு இன்னும் முழுதும் ஆறியிருக்கவில்லை.

“பையன்தான் வந்துட்டானே,” என்றார் தெஸ்ஸியே. “இனிமே அதை எடுத்துடலாம். என் வீட்டு விஷயம் ஊர் பூரா தொங்குது, கூச்சமா இருக்கு.”

சோலாஞ் தலையசைத்தார். “உங்களுடையது. நீங்களே கிழித்துவிடுங்கள். அன்செல்ம் கூட வருவார்.”

அன்செல்ம் ஏணியைத் தூக்கிக்கொண்டார். தெஸ்ஸியே கையில் சுரண்டும் தகடு இருந்தது. இருவரும் முதலில் சேன் லசார் நிலையத்துக்குப் போனார்கள்.

சுவரொட்டிக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்திருந்தாள். ரயில் புறப்படும் அறிவிப்பு வந்தது. அவள் திரும்பவில்லை. ரயில் போய்விட்டது.

“அந்தம்மாவுக்கு ரெமியைத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார் தெஸ்ஸியே.

“தெரியாது.”

“என்னை?”

“தெரியாது.”

“பிறகு ஏன் அழறாங்க?”

இலக்கியம் நடத்தியே தலை நரைத்த அன்செல்ம் ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். தெஸ்ஸியே ஏணியில் கால் வைத்தார். அதற்குள் ஒரு சிப்பாய் வந்து நின்றான். படித்தான். தொப்பியைக் கழற்றினான். தெஸ்ஸியே காலை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். சிப்பாய் போனதும், விலை உயர்ந்த கோட்டு அணிந்த ஒரு கிழவர் வந்தார். அந்த எழுத்துப் பிழையின் மேல் ஒரு விரலை வைத்தார். எடுக்கவேயில்லை.

கோயிலில் நிற்பதுபோல அன்செல்ம் நின்றார். வழிவிட்டு எடுத்த ஏணி அவர் தோளில் சாய்ந்திருந்தது. அதன் கனம் அவருக்குத் தெரியவில்லை.

தெஸ்ஸியே தகட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நேரமாகிறது. கிழிக்கவில்லையா?” என்றார் அன்செல்ம்.

“இருக்கட்டும் விடுங்க,” என்றார் ரொட்டிக் கடைக்காரர். “அவங்க வீட்டுக்கு இன்னும் யாரும் வரலை போலிருக்கு.”