செம்மண் பாட்டில்

மழை விட்ட கையோடு மண்பாதுகாப்பு அதிகாரி ஊருக்கு வந்தார். மண் அரித்துப் போகாமல் ஒரே ஒரு நிலத்துக்குக் கரை போடத்தான் அரசு உதவி போதும். நிலக்காரர்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்.

"வயலிலிருந்து வழியும் தண்ணீரைப் பிடித்து வாருங்கள். எது அதிகம் கலங்கலோ, அந்த நிலத்துக்கே கரை."

பண்ணையார் ஆவுடையப்பன், தம்மிடம் வேலை பார்க்கும் மாடத்தியை மறித்தார்.

"உன் பாட்டிலைத் தூக்கி எறி. என் பாட்டிலை நிரப்பிட்டு வா. ஊர்லயே கலங்கின தண்ணியா இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

சரிவிலிருந்த மாடத்தியின் அரை ஏக்கர் இன்னொரு மழைக்குத் தாங்காது. பண்ணையாரின் சமதளக் கரிசலிலோ தண்ணீர் தெளிந்தே வழிந்தது. அவள் அவருடைய பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அது குழம்பாக இருந்தது. பண்ணையார் பார்க்கக்கூட இல்லை. வாங்கி அப்படியே அதிகாரியிடம் நீட்டினார்.

"சத்தியமா என் மண்ணு, சார்!"

அதிகாரி பாட்டிலை வெயிலில் பிடித்தார். "உங்களுடையது கரிசல். இது செக்கச்செவேல் என்றிருக்கிறதே?"

பண்ணையார் திரும்பினார். "எங்கடி பிடிச்சே?"

"ஊர்லயே கலங்கின தண்ணி கேட்டீங்களே, அய்யா. அது என் சரிவுலதான் ஓடுது."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"உன் பேர் என்னம்மா?"