நிகிலன் வைத்த உயரம்

"டீச்சர், நாளைக்கு என்னை வேன்ல ஏத்திராதீங்க," என்றார் தாமோதரன்.

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஐந்து நாள் சைக்கிள் பயணம். இருபத்திரண்டு பேர், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வேன். முதல் நாள் முடிந்து, சாயங்காலம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கியிருந்தார்கள். எல்லாரும் டீயும் வடையுமாக உட்கார்ந்து கதை பேச, இவர் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் கிடந்தார்.

கூட்டத்தை அழைத்துப் போகிறவள் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், வயது முப்பத்தொன்று. தாமோதரனுக்கு ஐம்பத்தெட்டு. இருந்தாலும் சைக்கிளில் அவள்தான் குரு. இரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல் நெடுந்தூரம் ஓட்ட அவளிடம் பழகியிருந்தார்.

பழகியதெல்லாம் அவள் கொடுத்த சைக்கிளில். இன்று காலையில்தான் மகனுடைய சைக்கிளோடு வந்து நின்றார்.

இந்தப் பயணத்துக்கு முதலில் பேர் கொடுத்தது அந்த மகன்தான், நிகிலன். ஆடி மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. இருபத்துமூன்று வயது. அவன் போக நினைத்த ஊருக்கு அவன் சைக்கிளாவது போய்ச் சேரட்டும் என்று அப்பா கிளம்பிவிட்டார்.

நிகிலன் நெட்டை. இவர் அப்படியில்லை. சீட் இவருக்கு நாலு விரல் உயரம். மிதித்தால் இடுப்பு ஆடியது, நிறுத்தினால் கால் தரைக்கு எட்டவில்லை. காரியாபட்டி போவதற்குள் மூன்று தரம் விழுந்தார். சீட்டை இறக்கித் தருகிறேன் என்று ஸ்பானரோடு வந்த நல்ல மனுஷனை ஒரு முறை முறைத்தார் பாருங்கள், அவர் அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"இந்தக் கால வச்சிக்கிட்டு நாளைக்கு மிதிக்க முடியாது சார்," என்றாள் ஜெசிந்தா.

"மிதிச்சிருவேன்."

"சீட்ட இறக்கினா மிதிக்கலாம்."

"அது அவன் வச்ச உயரம் டீச்சர்." சைக்கிள் பக்கம் பார்த்தார். "அவன் சட்டையெல்லாம் அவங்கம்மா துவைச்சு மடிச்சு வச்சிட்டா. வாசம் போயிருச்சு. அவன் கை வச்ச மாதிரியே மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

ஜெசிந்தா சைக்கிளிடம் போனாள்.

சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டாள். கழுத்தில் கிடந்த துண்டால் சீட்டைத் தாங்குகிற கம்பியைத் துடைத்தாள். வழித் தூசி போனதும் கம்பியில் கீறல்கள் தெரிந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு கோடு.

"இது யார் போட்டது?"

தாமோதரன் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

அவரேதான். வளர்கிற பிள்ளை என்று எட்டாம் வகுப்பிலேயே பெரிய சைக்கிளாக வாங்கிவிட்டார். வருஷா வருஷம் அவன் பிறந்த நாளன்று சீட்டைக் கொஞ்சம் ஏற்றி, அந்த வருஷத்து உயரத்துக்கு, கம்பி சட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில் காம்பஸ் முள்ளால் ஒரு கோடு; சீட் ஏற ஏறப் புதுக் கோடு கீழே வரும்.

அவள் மேல் கோட்டில் விரலை வைத்தாள். எட்டாம் வகுப்பு, என்றார். முதல் நாளே சாக்கடையில் விட்டானாம். அடுத்தது ஒன்பது. அதற்கும் கீழே பத்து, பரீட்சைக்கு இதில்தான் போனான். சொல்லச் சொல்ல மனுஷன் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது.

விரல் கடைசிக் கோட்டுக்கு வந்தது.

"இது சார்?"

"பதினொண்ணு."

அவள் விரலை எடுக்கவில்லை.

"அன்னைக்கு என்னையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி கண்ணாடி முன்னாடி நிறுத்துனான்," என்றார். "ரெண்டு பேரும் சரிக்குச் சமமா இருந்தோம். அதுக்கப்புறம் அவன் வளந்துட்டான். அப்புறம் நான் ஏத்தல, அவனே ஏத்திக்கிட்டான்."

"அந்த வருஷம் இத நீங்க ஓட்டுனீங்களா?"

"தினமும். காலைல பால் வாங்க நான். பள்ளிக்கூடத்துக்கு அவன்." சட்டென்று நிறுத்தி, அந்தக் கோட்டையே பார்த்தார். "சீட்ட மாத்தாமலே ரெண்டு பேரும் ஓட்டுனோம் டீச்சர்."

ஜெசிந்தா தன் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

கண்ணைத் துடைக்காமலே வாங்கிக்கொண்டார்.