புல்லுக்கு மூணு ஷிப்ட்

ராக்கியப்பன் சொல்வதில் பாதியை அவருடைய ஆடுகளே நம்புவதில்லை. ஆனால் அன்று அவர் நம்பவைத்தே ஆகவேண்டியிருந்தது. ஊர் மேய்ச்சல் நிலத்தைப் பார்வையிட நில அளவையர் கோகுலநாதன் வந்திருந்தார். அவர் தரிசு என்று எழுதிவிட்டால் நிலம் சோலார் தகடு போடுகிற கம்பெனிக்குப் போய்விடும். வந்ததோ பங்குனி வெயிலில். ஐப்பசியில் வந்து பார்க்கிற அதிகாரியை அந்த ஊர் கண்டதே இல்லை.

"இங்க ஒண்ணுமே முளைக்கலையே, பெரியவரே."

ராக்கியப்பன் மில்லில் சங்கம் கட்டி வேலையை இழந்தவர். நோட்டீஸ் படித்துப் படித்தே பேசக் கற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது ஷிப்ட் மாறுற நேரமுங்க. சித்திரை மழைக்கு நரிப்பயறு டூட்டிக்கு வரும். ஆடிக் காத்துல அது ஓஞ்சா செப்பு நெருஞ்சி. ஐப்பசியில கொழுக்கட்டைப் புல்லு. ஒருத்தன் படுத்தா ஒருத்தன் எந்திரிப்பான். அந்தப் பக்கத்துத் தோட்டத்துல ஒரே புல்லா நட்டாங்க, ஒரு மழை பிசகினதும் மொட்டையாப் போச்சு. எங்களுது சங்கமுங்க. எல்லாம் இப்ப உங்க காலுக்குக் கீழ தூங்குது. கொஞ்சம் மெல்ல மிதிங்க."

அதுவரை சொன்னது உண்மை. உண்மைக்கு அளவையர் முகத்தில் அசைவே இல்லை. ராக்கியப்பன் அடுத்த கட்டப் போராட்டத்துக்குப் போனார்.

"ஐப்பசியில அது வளர்ற வேகம் தெரியுங்களா? பொழுதோட ஒரு கிடா புல்லு மேல படுத்துச்சு. விடிஞ்சு பார்த்தா வேப்பமர உச்சிக்கு நேரா நிக்குது. ஏணி வச்சுத்தான் இறக்கினோம்."

"யாரூட்டு ஏணிங்க மாமா?" என்றாள் தன் ஆடுகளோடு அங்கே நின்ற கருப்பாத்தாள்.

"உங்கூட்டுதுதான் அம்மிணி. எடுக்கறதுக்குள்ள அதையும் புல்லு மூடிருச்சு."

"அதான் காணோமா?"

"கேளுங்க சார். போன வருஷம் டவுன் பஸ் ஒண்ணு தடம் மாறி உள்ள பூந்துருச்சு. தை மாசம் வரைக்கும் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. கண்டக்டர் வெளிய வந்தப்ப தாடி இடுப்புக்கு வந்திருச்சு."

"பஸ்ல இருந்த சனம்?" கருப்பாத்தாள் விடவில்லை.

"இறங்க மனசில்லைன்னுட்டாங்க. உள்ள குளுகுளுன்னு இருந்துச்சாம்."

கோகுலநாதன் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"அப்ப இதைத் தரிசுன்னு எழுத முடியாது."

ராக்கியப்பனின் கை, பழைய பழக்கத்தில், முஷ்டியாகி மேலே போனது.

"பஸ்ஸே தொலையுற இடம்," என்று தொடர்ந்தார் அளவையர். "அடர்ந்த காடுன்னுதான் எழுதணும். காட்டுக்குள்ள ஆடு மேயக் கூடாது. நாளைக்கே எல்லாத்தையும் ஓட்டிட்டுப் போயிருங்க."

கை அந்தரத்திலேயே நின்றது. கருப்பாத்தாள் அவரைப் பார்த்தாள். ஆடுகளும் பார்த்தன. ஆனால் ராக்கியப்பன் பாதிப் பேச்சில் மேடையை விட்டு இறங்கியவர் இல்லை.

"மேயறதுங்களா? எங்க ஆடு என்னிக்குங்க மேஞ்சுது? அது பாட்டுக்கு வாயைத் திறந்துட்டு நிக்கும். புல்லுதான் வளர்ந்து உள்ள போகும். அதுக்கு ஆடு என்னங்க பண்ணும்?"

கோகுலநாதன் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"வாயை மூடிட்டு நிக்கச் சொல்லுங்க."