டபுள் சொன்னவரின் நாற்காலி

அரளிக்குளம் மனமகிழ் மன்றத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதுதான் கஷ்டம். நாலு வருஷமாகப் பிரிட்ஜ் சீட்டு ஆடுகிறார்கள். ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து, அதில் உள்ளபடி, அட்சரம் பிசகாமல்.

அன்றைக்குப் பக்கத்து ஊர் மன்றத்தோடு கடைசி ஆட்டம். பந்தயம் மீசை. தோற்ற அணியின் கேப்டன் மீசையை எடுத்துவிட வேண்டும். எங்கள் கேப்டன் செண்பகராமனின் மீசை பதினெட்டு வருஷம் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தது. அது போனால் மனுஷர் வீட்டை விட்டே வெளியே வரமாட்டார், பாவம். சலூன்காரர் காலையிலேயே வந்து வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியிருந்தும் செண்பகராமன், "பதிமூணு பிடியில பத்து நமக்கு, ஸ்பேடு துருப்பு" என்று துணிந்து கேட்டுவிட்டார். எதிரணியின் டேனியல் சார் சிரித்துக்கொண்டே, "டபுள்" என்றார். உம்மால் முடியாது, முடியாவிட்டால் நஷ்டம் இரட்டிப்பு என்று அதற்கு அர்த்தம். சொல்லிவிட்டுக் கிளாவர் ராஜாவை இறக்கினார்.

செண்பகராமனின் ஜோடி பூதலிங்கம் விதிப்படி தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்க மேஜையில் விரித்தார். விரித்தவர் அப்புறம் பேசக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, தொடாதீய!" என்று அலறினார், புத்தகத்தோடு பின்னால் நின்ற அணஞ்சபெருமாள். "திட்டம் போட்டு முடிக்கும்வரை ஒரு சீட்டையும் தொடாதேன்னு போட்டிருக்கு."

செண்பகராமன் கையிலிருந்ததையெல்லாம் பதறிப்போய்க் கீழே போட்டார்.

"பெறவு எப்படிவே பாக்க?"

"தொடத்தான கூடாது? இடுக்கியால பிடிக்கக் கூடாதுன்னு இல்லையே."

டீ போடும் இடத்திலிருந்து இடுக்கி வந்தது. அணஞ்சபெருமாள் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக் காட்டினார்.

"அடுத்து என்னவே?"

"எதிராளியாவே மாறி யோசிச்சுப் பாருன்னு இருக்கு."

"இங்க இருந்துகிட்டு எப்படிவே மாற? ஆளும் ரெண்டு பேரு இருக்காவளே."

"டபுள் சொன்னவருதான் அண்ணாச்சி. மத்தவரு சும்மாதான இருக்காரு."

செண்பகராமன் எழுந்து மேஜையைச் சுற்றிப் போனார். "சார், கொஞ்சம் எந்திக்கியளா? நான் நீங்களா மாறணும்."

டேனியல் சார் நல்ல மனுஷர். சீட்டுகளையும் கையில் கொடுத்துவிட்டு, "நிதானமா மாறுங்க" என்று டீ குடிக்கப் போனார்.

செண்பகராமன் உட்கார்ந்து சீட்டுகளை விரித்துப் பார்த்தார். மூன்று ஏஸ். துருப்பு மட்டும் நாலு. முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு சீட்டு இங்க இருக்கும்போது பத்துப் பிடி கேட்டானே, எவம்வே அவன்?"

"திமிரு பிடிச்சவனா இருப்பான் அண்ணாச்சி."

"வுடப்படாது!"

அவர் ஆடிய ஆட்டத்தை அரளிக்குளம் அதுவரை கண்டதில்லை. அவருடைய பழைய நாற்காலி காலியாக இருந்ததால், அந்தச் சீட்டுகளை அணஞ்சபெருமாள் இடுக்கியில் சிக்கிய வரிசைப்படி போட்டுக்கொண்டிருந்தார். பூதலிங்கத்துக்குக் கண் பிதுங்கியது. ஆனாலும் விதி விதிதானே, வாயைத் திறக்கவில்லை. காலி நாற்காலிக்குக் கடைசியில் கிடைத்தது ஆறே பிடி.

"நாலு குறைவு! ஜெயிச்சாச்சு!" என்று செண்பகராமன் மேஜையில் அடித்தார். மன்றமே கைதட்டியது. "எங்கவே அந்தத் தோத்த கேப்டன்? மீசையை எடுக்கச் சொல்லு!"

எல்லோரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"ஓடிட்டாம்லா அண்ணாச்சி!"

செண்பகராமன் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் கத்தியோடு சலூன்காரர், இடுக்கியோடு அணஞ்சபெருமாள். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பரிடம் விசாரித்தார்கள்.

"ஆளு எப்படி இருப்பாரு?"

"பெரிய மீசைங்க," என்றார் அணஞ்சபெருமாள். "நம்ம அண்ணாச்சி மீசை மாதிரியே, அச்சு அசல்."

டைம் கீப்பர் செண்பகராமனை ஏற இறங்கப் பார்த்தார். செண்பகராமன் சட்டென்று மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவன்னு நினைச்சு என்னைப் பிடிச்சிருவானுவளேவே!"

உடனே அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சலூன்காரரிடம் முகத்தைக் கொடுத்தார். எடுத்து முடித்ததும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு நிம்மதியாக எழுந்தார்.

"இனிமே கொழப்பம் இல்ல. மீசை வச்சிருக்கவன்தான் ஆளு. தேடுங்கவே!"