நாற்பத்திரண்டாயிரம் வருகிறது

பச்சைமலை அடிவாரத்து மடத்துக்குப் பவளக்கொடி வந்தபோது, அடிகள் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் இருதயராஜ் அதைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

பவளக்கொடி கல்யாணங்களுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவள். வயது ஐம்பத்து மூன்று. அடிகளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவள் அவரைச் ‘சாமி’ என்பாள். அவர் அவளை ‘அக்கா’ என்பார். ஒன்பது வருடமாக அவள் அவருடைய மாணவி.

“சாமி, ஒரு கேள்வி.”

“கேளுங்க அக்கா.”

“எந்த பேங்க்ல கணக்கு வைச்சுக்கறது?”

இருதயராஜ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். “மடத்துல வந்து கேக்கற கேள்வியாம்மா இது?”

“நீங்க மோட்டாரைப் பாருங்க அண்ணே. நான் சாமியைத்தான் கேட்டேன்.”

அடிகள் துவைக்கிற கல்லைக் காட்டினார். அவள் அதில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இரண்டு வங்கிகளில் இரண்டு கணக்குகள் இருந்தன. பழைய கணக்கு, வந்து சேர்ந்த பணத்தை மட்டும் காட்டும். புதிய கணக்கு, வரப்போகும் பணத்தையும் காட்டும். யாராவது ஒரு தேதி குறித்து அவளுக்குப் பணம் அனுப்ப ஏற்பாடு செய்தால், அது முன்கூட்டியே அவள் போனில் தெரிந்துவிடும். முதல் மாதம் இலவசம். பிறகு மாதம் நூற்றைம்பது ரூபாய். வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

அவள் போனை நீட்டினாள். திரையில் இரண்டு வரிகள் இருந்தன.

இருப்பு: 3,100.

வருகிறது: 42,000. வெள்ளிக்கிழமை.

“நல்லாத்தானே இருக்கு,” என்றார் அடிகள்.

“போன வாரமும் இப்படித்தான் சாமி நல்லா இருந்துச்சு. இதே நாற்பத்திரண்டாயிரம். இதே மாதிரி வெள்ளிக்கிழமைன்னுதான் காட்டுச்சு. நான் இதைப் பார்த்துட்டு, என்கிட்ட வேலை செய்யற ஆறு பேருக்கும் வெள்ளிக்கிழமை கூலின்னு சொல்லிட்டேன். பணம் தர வேண்டிய மனுஷர் முந்தின நாள், வியாழக்கிழமையன்னிக்கு, தேதியை இந்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டுட்டார். ஆறு பேரும் என் வாசல்ல விளக்கு வைக்கற வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டு வெறுங்கையோட போனாங்க.”

“அப்புறம்?”

“அவங்கள்ல மூத்தவ செங்கமலம். கூலி கைக்கு வராம இனிமே கரண்டியைத் தொட மாட்டோம்னுட்டா. ஞாயித்துக்கிழமை நானூறு பேருக்குக் கல்யாணச் சாப்பாடு சாமி. அவங்க வரலேன்னா நான் ஒருத்தி என்ன செய்வேன்? பதினாறு வருஷமா எடுத்த பேரு ஒரு வேளையில போயிடும்.”

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“இது பொய் சொல்ற கணக்கு. பழையதே போதும்னு தோணுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இதை மூடிடறேன்.”

அப்போது மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. தொட்டியில் தண்ணீர் கொட்டியது. இருதயராஜ் கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தார்.

“அப்ப நான் வர்றேன் சாமி. வர்றேம்மா.”

அவருடைய வண்டி வாசலைத் தாண்டிப் போனது.

“அக்கா, மத்தியானம் மடத்துல இலை போடும்போது இருதயராஜுக்கும் ஒண்ணு போட்டுடுங்க,” என்றார் அடிகள்.

“அவர்தான் போயிட்டாரே.”

“வர்றேன்னு சொன்னாரே.”

பவளக்கொடி சிரித்துவிட்டாள். “சாமிக்கு எப்பவும் விளையாட்டு. கிளம்பறவங்க போறேன்னா சொல்லுவாங்க? வர்றேன்னுதான் சொல்லுவாங்க. அடுத்து மோட்டார் நின்னாத்தான் அவரு வருவாரு.”

“அப்போ பொய் சொல்லிட்டாரா?”

“பொய்னு எப்படிச் சொல்றது? வரணும்ங்கற எண்ணத்துலதான் சொல்றோம். அதுக்காக இலையைப் போட்டுட்டுக் காத்திருக்க முடியுமா?”

அடிகள் அவள் மடியில் கிடந்த போனைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“அப்போ இதைப் பார்க்கவே கூடாதுங்கறீங்களா?”

“ஞாயித்துக்கிழமை நானூறு பேர்னு யார் சொன்னாங்க?”

“பொண்ணு வீட்டுக்காரங்க.”

“எண்ணிப் பார்த்தாங்களா?”

“இன்னும் வராதவங்களை எப்படி சாமி எண்ணறது? பத்திரிகை வைச்ச கணக்கு அது.”

“அதை நம்பியா அரிசி வாங்குவீங்க?”

“வேற எதை நம்பறது? எத்தனை பேர் வருவாங்கன்னு சொல்லாத வீட்டு வேலையை நான் எடுக்கறதே இல்லை.”

“சோறு எப்போ போடுவீங்க?”

“இலை விரிச்சு உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் முன்னாடியே வைச்சிடுவோம். சோறு மட்டும் ஆள் உட்கார்ந்த பிறகுதான். புதுசா வேலைக்கு வர்ற எல்லாருக்கும் நான் முதல்ல சொல்லிக் கொடுக்கறதே அதைத்தான்…”

அவள் நிறுத்தினாள்.

பிறகு அவள் போனை நிமிர்த்தினாள். திரையில் வந்த கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படித்து, ‘தொடர்க’ என்பதை அழுத்தினாள்.

“வைச்சுக்கறேன் சாமி. நூற்றைம்பது ரூபாய் போகட்டும்.”

“சரி.”

“ஆனா செங்கமலத்துக்கு என்ன பதில் சொல்றது? திரும்பவும் வெள்ளிக்கிழமைன்னு சொன்னா என் மூஞ்சியிலேயே சிரிப்பா. ஒண்ணுமே சொல்லலேன்னா ஞாயித்துக்கிழமை வரமாட்டா.”

“இந்தத் திரையை எனக்குக் காட்டினீங்களே.”

“ஆமா.”

“அவங்களுக்குக் காட்டினீங்களா?”

“அது எப்படி சாமி? இருப்பு மூவாயிரத்து நூறுன்னு இருக்கு. அந்த வரியைத் தொட்டா தேதி மாறினதும் தெரியும். காட்டினா, இந்த வெள்ளிக்கிழமையும் வராம போகலாம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமே.”

அடிகள் தொட்டியில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது அவங்களுக்குப் போன வெள்ளிக்கிழமையே தெரிஞ்சிடுச்சு அக்கா. உங்களுக்கும் அது தெரியும்ங்கறதுதான் அவங்களுக்கு இன்னும் தெரியாது.”